ஐம்பதிலும் வளையும்
(நடுவயதில் குழுப் படகோட்டம் பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிள்ளைகளை இளமையிலேயே நல்வழிப்படுத்த வேண்டும் என்னும் நோக்கத்தில் பெரியோர் சொல்லிவைத்த சொல் இது. நடைமுறையில் இதனை நாம் வேறு வகையிலும் பயன்படுத்தி வருகிறோம். நாற்பதைக் கடந்த ஒருவர் நீச்சல் கற்க விரும்பினாலும், மிதிவண்டி பழக விரும்பினாலும், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று தடுப்பதற்கும் இப்பழமொழியே கைகொடுக்கிறது.

நம் கல்லூரிகளின் விளையாட்டு விழாவை நினைத்துப் பார்ப்போம். மாணவ மாணவியர் கபடி, கைப்பந்து, ஓட்டம் என்று களத்தைக் கலக்குகின்றனர். விரிவுரையாளர்களுக்கோ எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி நடக்கும் ஒரு பந்தயமும், இசை நாற்காலியுமே மிஞ்சுகின்றன. பட்டம் பெற்று வெளியேறும் இளைஞன் வேலை, குடும்பம் என்று ஆனபின் விளையாட்டைப் பார்ப்பவனாக மாறிவிடுகிறான். பெண்கள் திருமணத்தோடு அந்தப் பார்வையாளர் இருக்கையையும் இழந்துவிடுகின்றனர்.

ஆயினும், தென்காசி வட்டாரத்தில் வாழும் நாம் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலப் பேரருவியின் அடியில் எட்டு வயதுச் சிறுவனும் எழுபது வயதுப் பாட்டியும் தோளோடு தோள் நிற்பர். தலையில் விழும் நீரின் அடி இலேசானதன்று. அங்கே எவரும் எவருடைய வயதையும் கேட்பதில்லை. நீரில் நிற்பதற்கு வயது தடையில்லை என்றால், நீர்மேல் செல்வதற்கு மட்டும் தடையாவானேன்?

நாற்பத்தைந்திலும் ஐம்பதிலும் ஒருவர் கடினமான ஒரு குழு விளையாட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ள இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண, பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும் படகுப் போட்டியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துடுப்பும் தண்டும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். படகு ஓட்டுதலில் இருவகை உண்டு. படகின் விளிம்பில் பொருத்திய பிடிப்பில் நீண்ட தண்டினை மாட்டி, படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து வலிப்பது ஒரு வகை. சென்னையில் அடையாற்றங்கரையில் 1867இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் போட் கிளப் போன்ற சங்கங்களில் வளர்ந்தது இவ்வகையே. துடுப்பை எதிலும் மாட்டாமல் இரு கைகளாலும் பற்றி, செல்லும் திசையை நோக்கி அமர்ந்து வலிப்பது மற்றொரு வகை. கட்டுமரத்திலும், ஒகேனக்கல் பரிசலிலும், கேரளத்துச் சுண்டன் வள்ளத்திலும் நாம் காண்பது இரண்டாம் வகை. இக்கட்டுரை இந்த இரண்டாம் வகையைப் பற்றியதே.

இவ்வகையில் இன்று உலகெங்கும் பரவியிருப்பது டிராகன் படகு. இதன் தாயகம் சீனம். சூ யுவான் என்னும் புலவரும் அமைச்சருமாகிய ஒருவர் மிலுவோ ஆற்றில் உயிர்நீத்தபோது, ஊர் மக்கள் படகுகளில் விரைந்து சென்று முரசறைந்து அவரைத் தேடினர் என்பது மரபுக் கதை. அதன் நினைவாகச் சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் படகு விழா நடைபெறுகிறது. 1976இல் ஹாங்காங்கில் பன்னாட்டுப் போட்டியாக இது நடத்தப்பெற்றது. 1991இல் பன்னாட்டு டிராகன் படகுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 2010இல் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இது இடம்பெற்றது. தமிழர் பெருகி வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இப்படகுகளைக் காண்பது அரிதன்று.

வழக்கமான டிராகன் படகு ஏறத்தாழ 12.5 மீட்டர் நீளமுடையது. பக்கத்திற்குப் பத்துப் பேராக இருபது பேர் துடுப்பு வலிப்பர். முன்னால் ஒருவர் முரசு கொட்டித் தாளம் காட்டுவார். பின்னால் ஒருவர் நின்று சுக்கான் துடுப்பால் திசை திருப்புவார். பத்துப் பேர் வலிக்கும் சிறிய படகும் உண்டு. போட்டித் துடுப்பின் நீளம் 105 முதல் 130 சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. 200, 500, 1000, 2000 மீட்டர் தொலைவுகளுக்குப் பந்தயம் நடைபெறும்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்கூட்டமைப்பின் விதிகளில் 40 வயதைக் கடந்தோர், 50ஐக் கடந்தோர், 60ஐக் கடந்தோர் எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. முதியோர் கரையில் அமர்ந்து கைதட்ட வேண்டியவர் அல்லர், படகில் ஏற வேண்டியவர் என்று விதிநூலே ஒத்துக்கொண்டிருக்கிறது.

2. மலைக்கு அப்பால்

படகுப் போட்டியைக் காண நாம் சீனம் வரை செல்ல வேண்டியதில்லை. செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு வழியே மலை இறங்கினால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயலில் 2011இல் குடியரசுத் தலைவர் கோப்பைக்கான வள்ளப் போட்டி தொடங்கப்பெற்றது. இன்னும் வடக்கே சென்றால் ஆலப்புழை. 1952இல் அங்கு வருகை தந்த பிரதமர் நேரு, போட்டியில் வென்ற நடுபாகம் சுண்டன் வள்ளத்தில் தாமே ஏறிவிட்டார் என்பதும், பின்னர் வெள்ளிக் கோப்பை ஒன்றை வழங்கினார் என்பதும் வரலாறு. புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைப் போட்டி அதன் வழிவந்ததே.

சுண்டன் வள்ளம் நூறு அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. நூறு பேருக்குக் குறையாமல் அதில் ஏறுவர். துடுப்பு வலிப்போர், அமரத்தில் நின்று திசை காப்போர், நடுவில் நின்று பாடித் தாளம் கொடுப்போர் என்று பணிகள் பிரிந்திருக்கும். படகின் பின்பகுதியைக் குறிக்கும் "அமரம்" என்னும் சொல் தமிழுக்கும் உரியது என்பதை மாணவர் நினைவிற் கொள்க. பெண்கள் அணிகளும் தெக்கனோடி வள்ளங்களில் ஏறி இப்போட்டியில் கலந்துகொள்கின்றன.

இவ்வளவு பெரிய படகில் தனி ஒருவனின் புயவலிமை எந்த மூலைக்கு? நூறு துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி ஒரே கணத்தில் எழும்போதுதான் வள்ளம் பாய்கிறது. டிராகன் படகில் முரசும் சுண்டன் வள்ளத்தில் பாட்டும் இருப்பது அழகுக்காக மட்டுமன்று. அவை இல்லையேல் ஓட்டமே இல்லை. வலிமை குறைந்த ஒருவரும் தாளம் தவறாதவராயின் இங்கே பயனுள்ளவர் ஆகிறார். நடுவயதினருக்கு இவ்விளையாட்டு ஏற்றதாவதற்கு இதுவே முதற் காரணம்.

3. வான்கூவர் சோதனை

நடுவயதினர் இவ்விளையாட்டில் ஈடுபட்டதில் உலகம் வியந்து நோக்கிய நிகழ்ச்சி கனடா நாட்டின் வான்கூவர் நகரில் 1996இல் நடந்தது. அதன் சிறப்பை உணர, மார்பகப் புற்றுநோய் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் ஆண்டிற்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அறுவை மருத்துவத்தின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களும் பல சமயங்களில் அகற்றப்படுகின்றன. கதிர்வீச்சும் அவற்றைப் பாதிக்கும். கையிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் வழியின்றித் தேங்கினால் கை வீங்கிக் கனத்துவிடும். இதனை நிணநீர் வீக்கம் என்பர். சிலருக்கு இது வாழ்நாள் முழுவதும் தொல்லை தருவது.

இவ்வச்சத்தினால், அறுவை முடிந்த பெண்கள் கையால் பளுவான வேலை எதுவும் செய்யலாகாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யலாகாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் அறிவுரை கூறி வந்தது. நம் ஊர்களில் இதன் பொருள் என்ன? குடம் எடுக்காதே, துணி பிழியாதே, மாவாட்டாதே, பேரப்பிள்ளையைத் தூக்காதே. பார்க்கப்போனால் இது பரிவுதான். ஆனால் நோயிலிருந்து மீண்ட ஒருத்தி தன் வீட்டிலேயே விருந்தாளியாகி மூலையில் அமர்ந்துவிடும் நிலையை இப்பரிவே உண்டாக்கியது.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் விளையாட்டு மருத்துவராக இருந்த டாக்டர் டான் மெக்கென்சி, இவ்வறிவுரைக்குச் சான்று என்ன என்று வினவினார். வினவியதோடு நில்லாமல் சோதித்துப் பார்க்கவும் முற்பட்டார். அதற்கு அவர் தேர்ந்தது டிராகன் படகு. காரணம் வெளிப்படை. கையையும் தோளையும் மீண்டும் மீண்டும், வன்மையாக, இடைவிடாது அசைக்கும் விளையாட்டு அது. எது கூடாது என்று சொல்லப்பட்டதோ அதையே அவர் செய்யச் சொன்னார்.

மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்ட 24 பெண்கள் முன்வந்தனர். அவர்களுள் இளையவருக்கு வயது 31, மூத்தவருக்கு 62. முன்னாள் விளையாட்டு வீராங்கனைகளை மட்டும் பொறுக்கி எடுத்த கூட்டம் அன்று அது. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் உடலைப் பதப்படுத்தி, பிறகு படிப்படியாக நீரில் பயிற்சி அளித்தார். கைகளின் பருமன் கண்காணிக்கப்பட்டது. பருவம் முடிந்தபோது எவருக்கும் புதிதாக வீக்கம் தோன்றவில்லை. அவர்களுடைய உடல்வலிமையும் மனவலிமையும் உயர்ந்திருந்தன. இம்முடிவுகளை அவர் 1998இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

ஆய்வு ஒரு பருவத்தோடு முடிந்தது. அப்பெண்கள் முடித்துக்கொள்ளவில்லை. "அப்ரெஸ்ட் இன் எ போட்" என்னும் பெயருடன் அவ்வணி தொடர்ந்து படகு வலித்தது. அதனைப் பின்பற்றிப் பல நாடுகளில் அணிகள் தோன்றின. சிங்கப்பூரின் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்திற்கும் இத்தகைய படகணி உண்டு. 2010இல் இவ்வணிகளுக்கென ஒரு பன்னாட்டு ஆணையம் அமைந்தது. 2018இல் இத்தாலியின் பிளாரன்சு நகரில் நடந்த விழாவில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து கலந்துகொண்டனர். இவ்விழாக்களில் பந்தயங்கள் முடிந்ததும் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தி, மறைந்த தோழியரை நினைத்து நீரில் மலர்களை இடுவது மரபு. ஆற்றில் மலரிட்டு மூத்தோரை நினைக்கும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

4. ஒரு சோதனை போதுமா?

அறிவியல் மாணவர் இங்கே ஒரு கேள்வி எழுப்புதல் வேண்டும். இருபத்து நால்வரை வைத்துச் செய்த சோதனை போதிய சான்றாகுமா? ஆகாது. படகு வலிக்காத மற்றொரு குழுவோடு அவர்கள் ஒப்பிடப்படவில்லை. தாமே விரும்பி வந்தவர்கள் இயல்பாகவே ஊக்கம் மிகுந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே அச்சோதனை ஒரு கதவைத் திறந்தது என்று கொள்வதே முறை. அக்கதவின் வழியே பிற்பாடு சென்றவர்கள் என்ன கண்டனர் என்பதையும் பார்க்க வேண்டும்.

2009இல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏற்கெனவே கைவீக்கம் உடைய 141 பெண்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு வாரம் இருமுறை, சிறிது சிறிதாகக் கூட்டி, எடை தூக்கியது. மற்றது தன் வழக்கப்படி இருந்தது. ஓராண்டின் முடிவில் எடை தூக்கியோரின் கைவீக்கம் மற்றவரைவிட மிகவில்லை. வீக்கம் திடீரென்று முற்றும் நிலையோ, எடை தூக்கியோரிடம் 14 விழுக்காடு, தூக்காதோரிடம் 29 விழுக்காடு. தடை செய்யப்பட்டிருந்த செயல், முறையாகச் செய்யப்பட்டபோது காப்பாகவே அமைந்துவிட்டது.

வயது பற்றிய ஐயத்திற்கும் விடை உண்டு. 1990இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைகளுக்கு எடைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தோரின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் வளைந்த தசை ஐம்பதில் வளையாதா?

மூன்றாவதாக, குழுவாகச் செய்வதன் பயன். 2009இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தின் படகு வீரர் பன்னிருவரை, தண்டு வலிக்கும் பொறியில் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை கூட்டாகவும் 45 நிமிடம் பயிற்சி செய்யவைத்துச் சோதித்தனர். உழைப்பு ஒரே அளவுதான். ஆயினும் கூட்டாகத் தாளம் தப்பாமல் வலித்தபின் அவர்களுடைய வலி தாங்கும் திறன் மிகுந்திருந்தது. நாற்று நடும் பெண்கள் சேர்ந்து பாடுவதும், தேர் இழுப்போர் ஒரே குரலில் ஆர்ப்பதும் ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

5. படகு ஓடும் விதம்

இயற்பியல் மாணவர்க்குச் சுவை தரும் செய்தி இது. நீரில் செல்லும் படகை நீர் எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கேற்ப வளரும். அதனை வெல்ல வேண்டிய திறனோ மும்மடிக்கேற்ப வளரும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் தேவை. பத்து விழுக்காடு வேகம் கூட்ட ஏறத்தாழ 33 விழுக்காடு அதிகமாக உழைக்க வேண்டும். இதனைத் திருப்பிப் படித்தால் நடுவயதினருக்கு நற்செய்தி கிடைக்கும். வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் உழைப்பு பெருமளவு குறைந்துவிடும். ஆதலால் புதியவர் தம் உடலுக்கேற்ற அளவில் தொடங்கலாம். படகு அவரைக் கீழே தள்ளிவிடாது.

இருபது பேரில் ஒருவர் மட்டும் பிந்தி வலித்தால், அவர் துடுப்பு நீரில் நிற்கும் நேரத்தில் மற்றவர் துடுப்புகள் மேலே இருக்கும். ஓடும் படகிற்கு அத்துடுப்பு முட்டுக்கட்டையாகும். ஆற்றல் மிக்க ஒருவர் தாளம் தவறுவதைவிட, ஆற்றல் குறைந்த ஒருவர் தாளத்தோடு வலிப்பது மேல். முதல் வரிசையினர் காட்டும் வீச்சைப் பின்னுள்ளோர் கண்ணால் பார்த்துத் தொடர வேண்டும். நடுவரிசைகளில் உடல் கனத்தவர்கள் அமர்வர். இரு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும்.

துடுப்பு வலித்தலை ஐந்து கூறாகப் பிரிக்கலாம்.

(அ) நீட்டல்: இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, கையை முன்னோக்கி நீட்டுதல்.
(ஆ) ஊன்றல்: துடுப்பின் அலகு முழுவதையும் நீரில் இறக்குதல்.
(இ) இழுத்தல்: திருப்பிய உடலை நேராக்குவதன் மூலம் படகைத் துடுப்பருகே கொண்டுவருதல்.
(ஈ) எடுத்தல்: தொடையின் பக்கம் வந்தவுடன் துடுப்பை வெளியே எடுத்தல். அதற்கு மேலும் இழுத்தால் அலகு நீரை மேலே அள்ளும், படகு கீழே அழுந்தும்.
(உ) மீளல்: அடுத்த வீச்சிற்கு முன்செல்லுதல். உடலுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இதுவே.

புதியவர் பலரும் முழங்கையை மடக்கிக் கையால் மட்டுமே இழுப்பர். சற்று நேரத்தில் தோள் வலி கண்டுவிடும். முதுகு, விலா, இடுப்பு, தொடை ஆகிய பெரிய தசைகளே படகை இழுக்க வேண்டியவை. கை, துடுப்பைப் பிடிக்கும் கொக்கி மட்டுமே. தரையில் ஊன்றிய காலும் உழைக்க வேண்டும். களத்து மேட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி கையால் தூக்குவதில்லை, இடுப்பாலும் காலாலும் தூக்குகிறார் என்பதை நாம் அறிவோம். அதே நுட்பந்தான் இது.

6. நடுவயதில் தொடங்குவோர் அறிய வேண்டியவை

மருத்துவரைக் காணுதல் முதற்படி. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நிலை, தோள் மூட்டு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் தம் மருத்துவரின் இசைவைப் பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும். இரு கைகளின் சுற்றளவையும் தையற்காரர் நாடாவால் குறிப்பிட்ட இடங்களில் அளந்து எழுதி வைத்துக்கொண்டால், மாற்றம் ஏதேனும் நேரின் உடனே தெரியவரும்.

இரண்டாம் படி நடையும் வலிமைப் பயிற்சியும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைவலிமைப் பயிற்சியும் வேண்டும் என்று 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் அதிகாலையில் நடப்போர் முதற்பகுதியை நிறைவு செய்கின்றனர். இரண்டாம் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மூன்றாம் படி தரைப் பயிற்சி. இதற்குப் படகே வேண்டியதில்லை. திண்ணையின் ஓரத்தில் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு கம்பைப் பிடித்து, ஒருவர் எண்ண மற்றவர் ஐந்து கூறுகளையும் செய்து பழகலாம். எண்ணிக்கை முதலில் மெதுவாக இருக்கட்டும். பத்துக் கம்புகளும் ஒன்றுபோல் அசையத் தொடங்கும்வரை வேகம் வேண்டா. எப்போதும் ஒரே பக்கம் வலித்தால் முதுகின் ஒரு பகுதி மட்டும் இறுகிவிடும். எனவே பக்கம் மாறிப் பழகுதல் நன்று.

நான்காம் படி நீச்சலும் பாதுகாப்பும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியின்றிப் படகில் ஏறலாகாது. படகு கவிழ்ந்தால் அதனைப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அருகிருந்தவர் மேலே வந்துவிட்டாரா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். பயிற்சியின்போதே கவிழ்த்துப் பழகும் வழக்கமும் உண்டு.

ஐந்தாவது, வலியை வேறுபடுத்தி அறிதல். மறுநாள் தசையில் தோன்றும் பொதுவான வலி பழகினால் தீரும். மூட்டில் குத்தும் வலி, மார்பில் அழுத்தம், தலைசுற்றல், கையில் புதிய வீக்கம் ஆகியவை நிறுத்துவதற்கான அறிகுறிகள். கூச்சத்தால் இவற்றை மறைப்போரே இடர்ப்படுவர். குழுவில் ஒருவர் நிறுத்தினால் அது குழுவிற்கு இழுக்கு என்று கருதாத பண்பை முதல் நாளிலேயே வளர்க்க வேண்டும்.

7. குற்றாலத்தில் இயலுமா?

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. அங்குள்ள படகுக் குழாமில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் மிதிபடகும் துடுப்புப் படகும் விடப்படுகின்றன. சாரல் காலத்தில் வெளியூரார் வரிசையில் நின்று ஏறுகின்றனர். உள்ளூரில் வாழும் நாமோ விருந்தினரை அழைத்துச் செல்லும்போது மட்டும் ஏறுகிறோம்.

அருவிகளையும் சிற்றாற்றின் ஓட்டத்தையும் இதற்கு நினைக்கவே கூடாது. மலையில் பெய்யும் மழை கீழே தெரியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. குழுப் படகோட்டம் பழகுவதற்கு உரியது தேங்கிய நீர், காவலர் உள்ள இடம், இசைவு பெற்ற நேரம் ஆகிய மூன்றும் பொருந்திய சூழலே.

நம் கல்லூரியின் உடற்கல்வித் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் முயன்றால், விரிவுரையாளரும், அலுவலகப் பணியாளரும், மாணவரின் பெற்றோரும் அடங்கிய ஒரு குழுவைத் தரைப் பயிற்சியோடு தொடங்கலாம். குளம் நிறையும்போது உரியவர்களின் இசைவோடு இருக்கும் படகுகளிலேயே நீரைப் பழகலாம். பத்துப் பேர் வலிக்கும் சிறிய படகு ஒன்றை நாடுவது அதற்குப் பிறகு. கேரளத்துப் பயிற்சியாளர்கள் ஒரு பகல் பயணத் தொலைவிலேயே இருக்கின்றனர். குளம் வற்றும் கோடையில் திண்ணைப் பயிற்சி இருக்கவே இருக்கிறது.

இதில் மாணவர்க்கும் பங்குண்டு. எண்ணிக்கை சொல்லவும், அங்கிகளைச் சரிபார்க்கவும், கரையில் காவல் நிற்கவும் இளையோர் வேண்டும். ஆண்டெல்லாம் நமக்குக் கற்பித்தோர்க்கு நாம் கற்பிக்கும் நாளாக அது அமையும். வருகைப் பதிவேட்டை அன்று நாம் வைத்துக்கொள்ளலாம்!

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. குழுப் படகோட்டம் கடினமான விளையாட்டே. எனினும் அது தனியொருவரின் வலிமையைவிடக் கூட்டுத் தாளத்தையே பெரிதும் வேண்டுவதால் நடுவயதினர்க்கும் இடமளிக்கிறது. தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு ஆய்வுகள் சான்று. நோயுற்றோர்க்குக் கூடாது என்று வழிவழியாகச் சொல்லப்பட்ட தடையை ஒரு மருத்துவர் கேள்விக்குட்படுத்தினார். இருபத்து நான்கு பெண்கள் தம் உடலையே சான்றாக வைத்து அதற்கு விடை கூற முன்வந்தனர். அக்கேள்வி கேட்கப்படாதிருந்தால், நலம் பெற்ற பின்னும் எத்தனையோ பெண்கள் குடத்தைத் தொட அஞ்சியே வாழ்ந்திருப்பர்.

பழமொழியைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஐந்தில் வளைவது எளிது. ஐம்பதில் வளைவதற்கு மருத்துவரின் சொல்லும், பொறுமையும், பக்கத்தில் அமர்ந்து அதே நேரத்தில் வளையும் ஒரு துணையும் வேண்டும். அடுத்த முறை நம் வீட்டில் அன்னையோ அத்தையோ எதையேனும் புதிதாகக் கற்க விரும்பினால், "இந்த வயதில் எதற்கு?" என்று கேட்கும் முன், "கூடாது என்பதற்குச் சான்று என்ன?" என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். கல்வி நமக்குக் கற்றுத்தர வேண்டிய வினா அதுவே.